நடுக்களத்திலிருந்து பயிற்சியாளர் பெஞ்சுக்கு: ஹாஜிமே மொரியாசுவை முன்வைத்து ஓர் எளிய விளக்கம்

2022 நவம்பர் 23 அன்று உலகக் கோப்பையில் ஜப்பான் 2-1 என ஜெர்மனியை வென்றது. இடைவேளையில் ஜப்பான் பயிற்சியாளர் ஹாஜிமே மொரியாசு ஏதோ மந்திரம் போட்டுவிட்டார் என்றார்கள் ஒரு சாரார். ஜெர்மனிதான் கோட்டை விட்டது என்றார்கள் இன்னொரு சாரார். நான்கே நாளில் கோஸ்டா ரிகாவிடம் ஜப்பான் 0-1 எனத் தோற்றதும், மந்திரவாதி ஒன்றும் தெரியாதவர் ஆகிவிட்டார். அடுத்த நான்கு நாளில் ஸ்பெயினை வீழ்த்தியதும் மறுபடி மேதை.

இரண்டு ஆட்டங்களுக்கு இடையே ஒருவருடைய அறிவு இப்படி ஏறி இறங்காது. கால்பந்துப் பயிற்சியாளர் ஆட்டத்தின்போது உண்மையில் என்ன செய்கிறார் என்பது பலருக்கும் தெளிவாக இல்லை, அதனால்தான் இந்தக் குழப்பம். அதை விளங்கிக்கொள்ள மொரியாசு நல்ல உதாரணம். அவர் ஆடிய காலத்தில் எந்த இடத்தில் நின்றாரோ, அந்த இடத்தின் வேலையைத்தான் பயிற்சியாளராகவும் செய்கிறார்.

பந்தி விசாரிப்பவர்

கல்யாணப் பந்தியில் இலைகளுக்கு நடுவே வெறுங்கையோடு நடந்துகொண்டிருக்கும் ஒருவரைப் பார்த்திருப்பீர்கள். சாம்பார் வாளி அவர் கையில் இருக்காது. எந்த இலையில் சோறு காய்கிறது, யார் ஒரே இடத்தில் நின்று நேரத்தைக் கடத்துகிறார், ரசம் அடுத்து எந்த வரிசைக்குப் போக வேண்டும் என்று பார்த்துக் கண்ணைக் காட்டுவார். பந்தி ஒழுங்காக நடந்தால் அவரை யாரும் நினைப்பதில்லை. எங்காவது ஓர் இலை காலியாகக் கிடந்தால் திட்டு முழுக்க அவருக்குத்தான்.

கால்பந்தில் தற்காப்பு நடுக்கள ஆட்டக்காரரின் வேலை இதுதான். பின்வரிசைத் தடுப்பாட்டக்காரர்களுக்குச் சற்று முன்னால் நிற்பவர் இவர். ஜப்பானில் இவரை ‘பொராஞ்சி’ என்பார்கள், பிரேசில் கால்பந்திலிருந்து வந்த பெயர். கட்டுரையில் இனி அந்தப் பெயரையே வைத்துக்கொள்வோம்.

பொராஞ்சி என்றால் எதிராளியின் காலிலிருந்து பந்தைப் பறிப்பவர் என்றுதான் பொதுவாக நினைக்கிறார்கள். பறிப்பது அவர் வேலையில் சிறு பங்கு. பெரும்பங்கு, பந்து வருவதற்கு முன்பே சரியான இடத்தில் நிற்பது. பக்கவாட்டுத் தடுப்பாட்டக்காரர் தாக்குதலுக்கு மேலே ஓடினால் அவர் விட்டுப்போன இடத்தை மூட வேண்டும். எதிரணியில் யாரும் குறிவைக்காமல், அதாவது ஒட்டி நின்று காவல் காக்காமல், விடப்பட்டவர் யார் என்று தலையைத் திருப்பித் திருப்பிப் பார்க்க வேண்டும். ‘இரண்டாம் பந்து’ அவர் பொறுப்பு: உயரப் பந்துக்கு இருவர் தலையால் மோதிய பிறகு தெறித்து விழும் பந்தைத்தான் அப்படிச் சொல்கிறார்கள். அதை எடுத்தபின் அலங்காரம் எதுவும் இல்லாமல், தன்னைவிட நன்றாகப் பாஸ் கொடுக்கத் தெரிந்தவரிடம் சேர்க்க வேண்டும்.

இதில் தவறு இரண்டு வழியில் வரும். ஓர் அணியில் இரண்டு பொராஞ்சிகள் இருந்து இருவருமே ஒரே நேரத்தில் மேலே போய்விட்டால், பின்வரிசைக்கு முன்னால் பெரிய வெற்றிடம் உண்டாகும். மாறாக இருவரும் பயந்து பின்வரிசையோடு ஒட்டிக்கொண்டால், பெனால்டி கட்டத்தின் விளிம்பில் எதிராளி நிதானமாக நின்று ஷாட் அடிக்கலாம். நடுவில் எங்கே நிற்பது என்பதற்கு நிரந்தர விடை கிடையாது. ஒவ்வொரு நொடியும் கணக்கு மாறும்.

சுருக்கமாக: பொராஞ்சி ஆட்டம் முழுவதும் ஒரே கேள்வியைக் கேட்டுக்கொண்டிருப்பவர். இப்போது ஆளில்லாத இடம் எது?

ஆட்டக்காரராக

மொரியாசு 1968-இல் ஷிஸுவோகா மாகாணத்தில் பிறந்து நாகசாகியில் வளர்ந்தவர். 1987-இல் ஹிரோஷிமாவின் மஸ்தா நிறுவன அணியில் சேர்ந்தார். அப்போது ஜப்பானில் தொழில்முறை லீக் இல்லை, நிறுவன அணிகள்தான் மோதிக்கொண்டன. 1993-இல் ஜே லீக் தொடங்கியபோது மஸ்தா அணி ‘சான்ஃப்ரெச்சே ஹிரோஷிமா’ ஆனது.

மஸ்தாவில் அவருக்குப் பயிற்சியளித்தவர்களில் ஒருவர் நெதர்லாந்தைச் சேர்ந்த ஹான்ஸ் ஊஃப்ட். அவர் 1992-இல் ஜப்பான் தேசிய அணியின் பொறுப்பேற்றதும், வெளியே அவ்வளவாகப் பெயர் தெரியாத மொரியாசுவை அழைத்துக்கொண்டார். ரூய் ராமோஸ் போன்ற கைதேர்ந்தவர்கள் முன்னே போய் ஆட்டத்தை உருவாக்க, பின்னால் இடத்தைக் காப்பது மொரியாசுவின் வேலை. அந்த ஆண்டு ஹிரோஷிமாவில் நடந்த ஆசியக் கோப்பையை ஜப்பான் முதன்முறையாக வென்றது. தேசிய அணிக்காக மொத்தம் 35 ஆட்டங்கள் ஆடி 1 கோல் அடித்தார். அவர் இடத்தில் ஆடியவருக்கு இந்தக் கோல் கணக்கு ஒரு குறையே அல்ல.

1993 அக்டோபர் 28 பற்றித் தெரியாமல் ஜப்பான் கால்பந்தைப் பேச முடியாது. தோஹாவில் இராக்குக்கு எதிரான கடைசித் தகுதிச்சுற்று ஆட்டம். வென்றால் நாட்டின் முதல் உலகக் கோப்பை. 90 நிமிடம் முடியும்போது ஜப்பான் 2-1 என முன்னிலையில் இருந்தது. காயநேரத்தில், அதாவது 90 நிமிடத்துக்குப் பிறகு நடுவர் கூட்டிக்கொடுக்கும் நேரத்தில், இராக்குக்கு ஒரு கார்னர் (களத்தின் மூலையிலிருந்து அடிக்கும் பந்து) கிடைத்தது. நேராகக் கோல் முன்னால் தூக்கி அடிக்காமல் பக்கத்தில் நின்றவருக்குச் சிறு பாஸாகக் கொடுத்தார்கள். அங்கிருந்து கோல் முன்னால் தூக்கியடித்த பந்து, அதாவது கிராஸ், தலையால் ஒரு முட்டு, 2-2. தென் கொரியா கோல் வித்தியாசத்தில் ஜப்பானை முந்தித் தகுதி பெற்றது. அந்தக் களத்தில் மொரியாசு நின்றுகொண்டிருந்தார்.

இங்கே என்ன நடந்தது என்பதைப் பார்ப்பது பயனுள்ளது. கார்னருக்குத் தடுப்பாட்டக்காரர்கள் கோல் முன்னால் ஆளுக்கு ஒருவர் என வரிசைகட்டுவார்கள். பந்து சிறு பாஸாகப் போனால், வரிசையிலிருந்து ஒருவர் வெளியே ஓடியாக வேண்டும். கிராஸ் வரும் கோணமும் மாறிவிடும். எல்லோரும் தலையைப் பந்தின் பக்கம் திருப்புவார்கள், குறிவைக்க வேண்டிய ஆள் பார்வையிலிருந்து நழுவுவார். களைத்த கால்களோடு கடைசி நிமிடத்தில் இதைச் சமாளிப்பது கடினம். அதற்கு முன்பே, பந்து தங்களிடம் இருந்தபோது அதை வைத்து நேரத்தைக் கடத்தாமல் ஜப்பான் மேலும் தாக்கப் போனதுதான் இதைவிடப் பெரிய பிழை என்பது என் கணிப்பு.

கியோட்டோவில் ஒரு பருவம், சென்டாய் நகரின் வெகால்டா அணியில் இரண்டு பருவம் தவிர, ஆட்ட வாழ்க்கை முழுவதும் ஹிரோஷிமாவில்தான். 2004 தொடக்கத்தில் ஓய்வு பெற்றார்.

உடனே பயிற்சியாளர் ஆகிவிட முடியாது

‘பெரிய ஆட்டக்காரர், அதனால் நல்ல கோச் ஆவார்’ என்ற நம்பிக்கைக்கு ஜப்பானில் ஒரு தடுப்பு உண்டு. ஜப்பான் கால்பந்துச் சங்கத்தின் உரிமங்கள் டி, சி, பி, ஏ எனப் படிப்படியாக ஏறும். எல்லாவற்றுக்கும் மேல் இருப்பது நீண்ட காலம் ‘எஸ் வகுப்பு’ என்று அழைக்கப்பட்ட உரிமம். அது இல்லாமல் ஜே லீக் அணியின் தலைமைப் பயிற்சியாளர் ஆக முடியாது. வகுப்பறைப் பாடம், செய்முறைத் தேர்வு, வெளிநாட்டு அணி ஒன்றில் பயிற்சி எல்லாம் அதில் அடக்கம்.

உரிமம் நுழைவுச் சீட்டு மட்டும்தான். மொரியாசு 2004 முதல் 2011 வரை இளையோர் பயிற்சியிலும் உதவிப் பயிற்சியாளராகவும் இருந்தார். ஹிரோஷிமாவில் தலைமைப் பயிற்சியாளர் மிஹைலோ பெட்ரோவிச்சின் கீழ் வேலை பார்த்தார், பிறகு ஆல்பிரெக்ஸ் நிகாட்டா அணிக்குப் போனார். இப்படி எட்டு ஆண்டு. பேட்டி கொடுக்கத் தேவையில்லாத, பயிற்சி மைதானத்தில் கூம்புகளை அடுக்கும் வேலை. பிற்காலத்தில் அவரைப் பற்றி எழுதுபவர்கள் பெரும்பாலும் ஒரே வரியில் தாண்டிப்போகும் காலம் இது.

எண்கள் சொல்வதும் சொல்லாததும்

2012-இல் பெட்ரோவிச் உராவா ரெட்ஸ் அணிக்குப் போக, ஹிரோஷிமா மொரியாசுவிடம் வந்தது. அவர் செய்ததைப் புரிந்துகொள்ள ‘அமைப்பு’ என்ற சொல்லை முதலில் தெரிந்துகொள்ள வேண்டும். கோல்கீப்பரை விட்டுவிட்டுப் பின்னாலிருந்து முன்னால் வரை ஆட்டக்காரர்கள் எந்த வரிசையில் நிற்கிறார்கள் என்பதே அமைப்பு. 3-4-2-1 என்றால் பின்னே 3 பேர், நடுவில் 4, அதற்கு முன்னால் 2, முனையில் 1.

இந்த எண்கள் ஆட்டம் முழுக்க அப்படியே இருக்கும் என்று நினைப்பதுதான் பரவலான பிழை. ஹிரோஷிமா காகிதத்தில் 3-4-2-1. பந்து தங்களிடம் இருக்கும்போது ஒரு பொராஞ்சி பின்வரிசைக்கு இறங்குவார். பின்வரிசையின் இரு ஓரத் தடுப்பாட்டக்காரர்கள் கோடுகளை நோக்கி விரிவார்கள். நடுவரிசையின் இரு ஓரங்களில் நிற்பவர்கள், அதாவது ‘விங்பேக்’ எனப்படுபவர்கள், முன்வரிசை வரை ஏறுவார்கள். இப்போது அது 4-1-5. முன்னே ஐந்து பேர் களத்தின் அகலம் முழுவதும் நிற்க, நான்கு பேரைப் பின்னே வைத்திருக்கும் எதிரணியில் ஐந்தாமவரை யார் குறிவைப்பது என்ற சிக்கல் எழும். பந்து பறிபோனதும் விங்பேக்குகள் பின்வரிசைக்குத் திரும்பி ஓடுவார்கள். அப்போது 5-4-1.

4-1-5-இலிருந்து 5-4-1-க்கு வரும் சில நொடிகள்தான் ஆபத்து. விங்பேக் களத்தின் முழு நீளத்தையும் ஓட வேண்டும். அவர் வந்து சேர்வதற்குள் அவர் பின்னால் உள்ள ஓரம் திறந்து கிடக்கும். பெட்ரோவிச் தாக்குதலில் மன்னர், ஆனால் அந்த ஓட்டையோடு வாழப் பழகியவர். மொரியாசு தாக்குதல் முறையை அப்படியே வைத்துக்கொண்டு திரும்பிவரும் ஒழுங்கைச் சரிசெய்தார். பந்து போனதும் எல்லோரும் துரத்த வேண்டாம், முதலில் ஐந்து பேர் வரிசையை அடைக்க வேண்டும். 34 ஆட்டங்கள் கொண்ட பருவத்தில் 2011-இல் 49 கோல் வாங்கிய அணி, 2012-இல் 34 வாங்கியது, 2013-இல் 29.

விளைவு 2012, 2013, 2015 என மூன்று ஜே லீக் பட்டங்கள். கோல்கீப்பர் நிஷிகாவா, தடுப்பாட்டக்காரர் மொரிவாக்கி போன்றோரைப் பணம் படைத்த உராவா இழுத்துக்கொண்டுபோன காலத்தில் வாங்கிய பட்டங்கள் இவை. 2015-இல் கிளப் உலகக் கோப்பையில் மூன்றாம் இடமும் வந்தது. 2017-இல் அணி தரமிறங்கும் இடத்துக்குச் சரிந்தபோது ஜூலையில் பதவி விலகினார்.

சுருக்கமாக: அமைப்பின் எண்கள் ஒரு தொடக்கப் புள்ளி. பந்து கைமாறும்போது ஒரு வடிவத்திலிருந்து இன்னொன்றுக்கு எவ்வளவு வேகமாக, எந்த ஒழுங்கில் மாறுகிறார்கள் என்பதில்தான் பயிற்சி இருக்கிறது.

தேசிய அணி வேறு வேலை

கிளப் பயிற்சியாளருக்கு ஆட்டக்காரர்கள் ஏறக்குறைய தினமும் கிடைப்பார்கள். தேசிய அணிப் பயிற்சியாளருக்கு அப்படி இல்லை. சர்வதேச ஆட்டங்களுக்கென ஒதுக்கிய சில நாட்களில் மட்டும் கூடுவார்கள். ஜப்பான் ஆட்டக்காரர்களில் பெரும்பாலோர் ஐரோப்பாவில் ஆடுகிறார்கள். நீண்ட விமானப் பயணம், நேர வேறுபாடு, இரண்டு மூன்று பயிற்சி, உடனே ஆட்டம். ஹிரோஷிமாவில் ஆண்டுக்கணக்கில் மெருகேற்றிய சிக்கலான முறையை இங்கே கற்றுக்கொடுக்க நேரம் இருக்காது. விதிகள் குறைவாக, தெளிவாக இருக்க வேண்டும். களத்தில் ஆட்டக்காரர்களே முடிவெடுக்கவும் தெரிய வேண்டும்.

2018 உலகக் கோப்பையில் மொரியாசு உதவிப் பயிற்சியாளராக இருந்தார். பெல்ஜியத்துக்கு எதிராக 2-0 முன்னிலை பெற்ற ஜப்பான், காயநேரத்தில் தன்னுடைய கார்னரிலிருந்தே எதிர்த்தாக்குதல் வாங்கி 2-3 எனத் தோற்றது. அந்த ஜூலையில் தலைமைப் பொறுப்பு அவருக்கு வந்தது. 2019 ஆசியக் கோப்பை இறுதியில் கத்தாரிடம் தோல்வி, டோக்கியோ ஒலிம்பிக்கில் நான்காம் இடம். 2022 உலகக் கோப்பைக்கான இறுதித் தகுதிச்சுற்றில் முதல் மூன்று ஆட்டங்களில் ஓமனிடமும் சவூதி அரேபியாவிடமும் தோற்றபோது, பதவி ஆட்டம் கண்டது.

நான்காவது ஆட்டம் ஆஸ்திரேலியாவோடு. அங்கே அவர் செய்த மாற்றம் ஒரு பழைய பொராஞ்சியின் மாற்றம். நடுக்களத்தில் எண்டோ, மொரிட்டா, தனாகா என மூன்று பேரை ஒன்றாக நிறுத்தி 4-3-3-க்கு மாறினார். தனாகா 8-ஆம் நிமிடத்தில் கோல் அடித்தார். 2-1 வெற்றி. அதிலிருந்து தொடர்ச்சியாக வென்று 2022 மார்ச்சில் சிட்னியில் தகுதி உறுதியானது.

ஜெர்மனி ஆட்டத்தில் நடந்தது

முதல் பாதியில் ஜப்பான் பின்னே நான்கு பேரோடு ஆடியது. ஜெர்மனியின் இடது ஓரத்தில் டாவிட் ரௌம் உச்சிவரை ஏறி நின்றார். அந்த ஓரத்தில் இருந்திருக்க வேண்டிய முசியாலா உள்ளே நகர்ந்தார். ஜப்பானின் வலது தடுப்பாட்டக்காரர் சகாய் யாரைப் பார்ப்பது? முசியாலாவை விட்டால் கோல் முன்னால் ஆபத்து, ரௌமை விட்டால் ஓரத்தில் ஆபத்து. ரௌம் தனியே விடப்பட்டார். பந்து அவரிடம் போனது, கோல்கீப்பர் கோண்டா அவரை விழத்தட்டினார், 33-ஆம் நிமிடத்தில் குண்டோகன் பெனால்டியைக் கோலாக்கினார்.

ஜெர்மனி முன்னே ஐந்து பேரை நிறுத்துகிறது, ஜப்பான் பின்னே நான்கு பேரை வைத்திருக்கிறது. கணக்கு இவ்வளவுதான். இடைவேளையில் முன்கள ஆட்டக்காரர் குபோவை எடுத்துவிட்டுத் தடுப்பாட்டக்காரர் டோமியாசுவை இறக்கினார் மொரியாசு. இப்போது 3-4-2-1, பந்து எதிரணியிடம் இருக்கும்போது ஐவர் வரிசை. ஆளுக்கு ஓர் ஆள். ரௌமுக்கு இனி தனியிடம் கிடையாது.

ஆனால் ஒரு கோல் பின்தங்கிய நிலையில் ஓட்டையை அடைத்தால் மட்டும் போதாதே. இங்கே மாற்று ஆட்டக்காரர் விதியைப் பார்க்க வேண்டும். அந்தப் போட்டியில் ஓர் அணி 5 பேரை மாற்றலாம். அதற்காக ஆட்டத்தை நிறுத்தும் வாய்ப்பு 3 தடவைதான். இடைவேளையில் மாற்றினால் அது அந்த மூன்றில் சேராது. மொரியாசு இதைக் கடைசிச் சொட்டு வரை பிழிந்தார்:

- இடைவேளை: டோமியாசு.
- 57-ஆம் நிமிடம்: மிட்டோமாவும் அசானோவும். மிட்டோமா, எதிரே நிற்பவரைப் பந்தோடு ஏமாற்றித் தாண்டிப் போவதில் வல்ல முன்கள ஆட்டக்காரர். அவரை இடது விங்பேக் ஆக்கினார்.
- 71-ஆம் நிமிடம்: பொராஞ்சி தனாகாவுக்குப் பதில் டோவான். முன்னே ஆடிய கமாடா பொராஞ்சி இடத்துக்கு இறங்கினார்.
- 75-ஆம் நிமிடம்: சகாய்க்குப் பதில் மினாமினோ. ஜுன்யா இட்டோ வலது விங்பேக் ஆனார்.

அமைப்பின் எண்கள் மாறவில்லை, ஒவ்வொரு மாற்றத்திலும் அதே இடத்துக்குத் தாக்கக்கூடிய ஒருவர் வந்தார். 75-ஆம் நிமிடத்தில் மிட்டோமா, மினாமினோ, டோவான் மூவரும் சேர்ந்து சமன் செய்தார்கள். 83-இல் இட்டாகுரா தூக்கியடித்த நீளமான பந்தை அசானோ அடக்கி, ஜெர்மனி கோல்கீப்பர் நோயரைத் தாண்டி வலையின் கூரையில் அடித்தார். இறங்கிய ஐவரில் நால்வருக்குக் கோல்களில் பங்கு. ஹிரோஷிமாவில் மொரியாசுவின் கீழ் வளர்ந்தவர்தான் அசானோ.

இதன் விலையும் சொல்லியாக வேண்டும். 75-ஆம் நிமிடத்தோடு எல்லா மாற்றமும் தீர்ந்தது. அதற்குப் பின் யாருக்காவது தசை பிடித்திருந்தால் பத்துப் பேரோடு ஆடியிருக்க வேண்டும். பகடை உருட்டவும் செய்தார், ஆனால் கணக்குப் போட்ட பிறகே உருட்டினார்.

ஸ்பெயின் ஆட்டத்தில் பந்து ஜப்பானிடம் இருந்தது சுமார் 18 சதவீத நேரம் மட்டுமே. டோவானும் தனாகாவும் 48, 51-ஆம் நிமிடங்களில் அடித்த கோல்களால் 2-1 வெற்றி. பந்து அதிக நேரம் யாரிடம் இருந்தது என்பதை வைத்து யார் ஆட்டத்தை ஆண்டார்கள் என்று சொல்ல முடியாது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம். அந்த ஆட்டத்தின் கடைசி நிமிடத்தில் தோஹா 1993 நினைவுக்கு வந்ததாக மொரியாசு பிறகு சொன்னார். தன் ஆட்டக்காரர்கள் பின்வாங்காமல் முன்னே போய்ப் பந்தைப் பறிக்க முயன்றதைப் பார்த்துக் காலம் மாறிவிட்டது என்று உணர்ந்ததாகவும் சொன்னார்.

அதே மருந்து எல்லாவற்றுக்கும் ஆகாது

கோஸ்டா ரிகா ஜெர்மனியைப் போல முன்னே ஐந்து பேரை நிறுத்தவில்லை. பின்னே கூட்டமாக அமர்ந்து பந்தை ஜப்பானுக்கே கொடுத்தது. ஓட்டை தரும் எதிராளியிடம் வேகமாகப் பாயும் திட்டம், ஓட்டையே தராதவரிடம் பல்லிளிக்கும். 81-ஆம் நிமிடத்தில் ஜப்பான் பந்தைச் சரியாக வெளியே அடிக்காத ஒரே தருணத்தில் கோல் விழுந்தது. அடுத்த சுற்றில் குரோஷியாவிடம் 1-1 சமன், பெனால்டியில் 1-3 தோல்வி. பெனால்டி அடிக்க விரும்புபவர்கள் முன்வரட்டும் என்று ஆட்டக்காரர்களிடமே விட்டது பின்னர் விமர்சிக்கப்பட்டது. அந்த விமர்சனம் நியாயமானது. அடிப்பவர் வரிசை முன்கூட்டியே தீர்மானிக்கக்கூடிய ஒன்று.

2024 பிப்ரவரி 3 அன்று ஆசியக் கோப்பைக் காலிறுதியில் ஈரான் இன்னொரு பாடம் நடத்தியது. இரண்டாம் பாதியில் ஈரான் உயரமான பந்துகளை நேராக ஜப்பானின் நடுப் பின்வரிசைக்கு அடித்துக்கொண்டே இருந்தது. தலைமோதல், இரண்டாம் பந்து, மறுபடி தலைமோதல். பின்னே ஒருவரைக் கூட்டினால் அழுத்தம் குறைந்திருக்கும். மொரியாசு முன்கள ஆட்டக்காரர்களை மாற்றினாரே தவிர, பின்வரிசையைத் தொடவில்லை. காயநேரப் பெனால்டியில் 1-2. மாற்றங்களைத் தான் சரியாகப் பயன்படுத்தவில்லை என்று அவரே ஒப்புக்கொண்டார்.

சுருக்கமாக: மாற்றம் வெல்வதும் தோற்பதும் எதிராளி எங்கே ஆளைக் கூட்டுகிறார் என்பதைப் பொறுத்தது. ஜெர்மனியிடம் சரியாக இருந்த விடை கோஸ்டா ரிகாவிடம் தவறான விடை.

இப்போது ஜப்பானைப் பார்க்கும்போது

ஓர் உலகக் கோப்பை முடிந்தபின் தொடர்ந்து பதவியில் வைக்கப்பட்ட முதல் ஜப்பான் பயிற்சியாளர் மொரியாசு. உடன் வேலை பார்க்க ஹிரோஷி நனாமி, மகோட்டோ ஹசெபே போன்ற முன்னாள் நடுக்கள ஆட்டக்காரர்களை அழைத்துக்கொண்டார். ஹசெபேயும் பொராஞ்சியாக ஆடிய முன்னாள் கேப்டன். 2024 செப்டம்பரில் சீனாவை 7-0 என வென்ற ஆட்டத்தில், ஜெர்மனிக்கு எதிராக நெருக்கடியில் செய்ததை முதல் நிமிடத்திலிருந்தே செய்தார்: 3-4-2-1, இரு விங்பேக்குகளும் மிட்டோமா, டோவான் என முன்கள ஆட்டக்காரர்கள். 2025 மார்ச் 20 அன்று பஹ்ரைனை 2-0 என வென்று, 2026 உலகக் கோப்பைக்குப் போட்டியை நடத்தும் நாடுகள் நீங்கலாக முதலில் தகுதி பெற்ற அணியானது ஜப்பான். அக்டோபர் 14 அன்று டோக்கியோவில் பிரேசிலிடம் இடைவேளையில் 0-2 எனப் பின்தங்கி, 3-2 என வென்றது. முதல் பாதியில் பின்னே காத்திருந்த அணி, இரண்டாம் பாதியில் பிரேசிலின் பின்வரிசை பந்தை வைத்திருக்கும்போதே மேலேறி நெருக்கியது. முதல் கோல் அப்படி வந்த தவறான பாஸிலிருந்து கிடைத்தது.

ஆகவே அடுத்த ஆட்டத்தில் பந்தையே பார்த்துக்கொண்டிருக்காதீர்கள். ஜப்பான் பந்தை இழந்த நொடியில் விங்பேக்குகள் எங்கே இருக்கிறார்கள், திரும்பிவர எவ்வளவு நேரம் ஆகிறது என்று பாருங்கள். இரண்டு பொராஞ்சிகளுக்கும் இடையே உள்ள தூரத்தைப் பாருங்கள். எதிரணி முன்வரிசையில் எத்தனை பேர், ஜப்பான் பின்வரிசையில் எத்தனை பேர் என்று எண்ணுங்கள். அந்த இரண்டு எண்ணும் பொருந்தாமல் இடைவேளை வந்தால், பெஞ்சில் யார் எழுந்து உடம்பைச் சூடாக்குகிறார் என்று கவனித்தால், இரண்டாம் பாதியில் வரப்போகும் மாற்றத்தை ஓரளவு நீங்களே சொல்லிவிடலாம்.